பூனைக்கண் ஆம்பளைக்கு மட்டும் ஆகுமாம்

எனக்குப் பூனைக்கண். கண்ணின் மணியைச் சுற்றியிருக்கும் வளையம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். எனக்கு மட்டும் மங்கலான பச்சை, வெயிலில் பார்த்தால் கொஞ்சம் தேன் நிறம். கோவில்பட்டியிலிருந்து ஓட்டப்பிடாரம் பக்கம் போகிற ஒரு தனியார் பஸ்ஸை ஓட்டுகிறேன். வழியில் கைகாட்டி ஏறுகிறவர்கள், "பூனைக்கண் அண்ணாச்சி வண்டியா? அப்போ நேரத்துக்குப் போயிரலாம்" என்பார்கள். "இவியளுக்கு ராத்திரி லைட்டே போட வேண்டாம்லா" என்று கண்டக்டர் கிண்டலடிப்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். இந்தக் கண்ணால் எனக்கு ஒரு வேலை போனதில்லை. நான் பெண் பார்க்கப் போனபோதுகூட, "மாப்பிள்ளை சினிமாக்காரன் கணக்கா இருக்காரு" என்றுதான் அந்த வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

அதே கண் என் மகளுக்கு, அச்சு அசலாக. அங்கேதான் பிடித்தது சனி.

பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை, கண் பட்டுவிடும் என்று டிபன் பாக்ஸை மூடி வைத்துக்கொள்ளும். தெருவில் பிறந்த குழந்தையைப் பார்க்க ஆசையாகப் போவாள். தாய்க்காரி துண்டை இழுத்து மூடுவாள். அதே வீட்டுக்கு நான் போனால், "தூக்குங்க அண்ணாச்சி" என்று குழந்தையைக் கையில் கொடுப்பார்கள். இது என்னய்யா நியாயம்? ஒருமுறை லைசென்ஸுக்காகக் கண் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். "சாயம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். பார்வைக்கு ஒண்ணும் செய்யாது" என்றார். கண்ணில் துளி சாயம் குறைந்ததற்கா இவ்வளவு பாடு! எங்கள் வீட்டு வெள்ளாட்டுக்கு மஞ்சள் கண், நடுவில் படுக்கைவாட்டில் ஒரு கோடு. ஆடு பிடிக்க வருகிற வியாபாரி பல்லைப் பார்ப்பான், மடியைப் பார்ப்பான். கண் நிறம் சரியில்லை என்று விலையை இறக்கிக் கேட்டவனை நான் கண்டதில்லை.

மகள் ஒரு நூற்பாலை ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வந்த வரன்கள் எல்லாம் போட்டோவோடு நின்றுபோயின. போன ஆவணியில், கரிசலை உழுது போட்டுவிட்டு மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், தரகர் ஒரு இடம் கொண்டுவந்தார். சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற குடும்பம்; தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கல்யாணத்துக்கு அப்புறமும் பெண் வேலைக்குப் போகட்டும் என்று பையன் சொல்லியிருந்தான். அது அவளுக்குப் பிடித்துப்போனது. "வரச் சொல்லுங்கப்பா" என்றாள். அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள். இது அமைந்துவிட வேண்டுமே என்று நானும் என் வீட்டுக்காரியும் கும்பிடாத சாமியில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா, கூடவே தரகர். கேசரி, காராச்சேவு, காப்பி எல்லாம் ஆயிற்று. மகள் வந்து கும்பிட்டு நிமிர்ந்தாள். பையனின் அம்மா அவளையே பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"போட்டோவுல கண்ணு கருப்பால்ல இருந்துச்சு?"

எட்டிப் பார்த்தேன். என் மகள்தான், ஆனால் கண் அவளுடையது இல்லை. மையை ஊற்றியது மாதிரி கன்னங்கரேலென்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தரகரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காராச்சேவில் கவனமாக இருந்தார்.

"ஸ்டூடியோவுல லேசா டச்சப் பண்ணச் சொன்னேன் அண்ணாச்சி. எல்லாரும் செய்யுததுதான்."

"யாரைக் கேட்டுவே செஞ்சீரு?" என்றேன். என் வீட்டுக்காரி பின்னாலிருந்து முதுகில் கிள்ளினாள், பேசாமல் இரு என்று.

பையனின் அம்மா பெரிய மனசு பண்ணுகிற குரலில் என் வீட்டுக்காரியிடம் சொன்னார்: "மதினி, பிள்ளை லட்சணமாத்தான் இருக்கா. நாங்க நெருப்போட பிழைக்கிறவிய. காலையில எந்திரிச்சதும் அந்தக் கண்ணுல முழிச்சிட்டு எப்படி ஆபீஸைத் திறக்க? இப்பதான் கருப்பு லென்ஸ் விக்குதே, அதை மாட்டிக்கிட்டா போதும். காசு நாங்களே குடுத்திருதோம்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்கள் போனபோது அங்கே ஒரு நாய் இருந்தது. பனி விழுகிற தேசத்து நாய். கரிசல் வெயில் ஆகாது என்று அதற்குத் தனி ஏசி. கண் ரெண்டும் நீலம். "அந்தக் கண்ணுக்குத்தான் விலையே" என்று பையனின் அப்பா அதைத் தடவித் தடவிக் காட்டினார்.

"உங்க வீட்டு நாய்க்கு லென்ஸ் மாட்டியாச்சா?" என்று கேட்டேன்.

"நாய் வேற, மருமக வேற அண்ணாச்சி" என்றார் பையனின் அப்பா, முகம் சிவந்து.

"சரி, எனக்கும் இதே கண்ணுதான. உங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கு என்கூட உக்காந்து இலை போட்டுச் சாப்பிட்டீங்க. கல்யாணத்தன்னைக்கு நானும் லென்ஸ் மாட்டிக்கிட்டு நிக்கணுமோ?"

"நீங்க ஆம்பள. ஆம்பளைக்கு என்ன இருக்கு?" என்றார் அந்த அம்மா. கூசாமல் சொன்னார். சூரியன் கிழக்கே உதிக்கும் என்கிற மாதிரி சொன்னார். மறுபடியும் முதுகில் ஒரு கிள்ளு. இவளுக்கும் புத்தி கெட்டுவிட்டதா என்று அவள்மேலும் எனக்கு ஆத்திரம்.

மகள் அவ்வளவு நேரமும் நின்றுகொண்டேயிருந்தாள். உட்காரக்கூட யாரும் சொல்லவில்லை. அவள் பையனைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்லுதீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "வீட்டுல இருக்கும்போது மட்டும் போட்டுக்கிடலாம்ல? வேலைக்குப் போகையில கழட்டிக்கோங்க." அவன் மனசில் அது பெரிய தாராளம்.

அவள் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ஆசையும் வடிந்துபோனதைப் பார்த்தேன். ஆனால் அவள் குரல் நடுங்கவில்லை.

"அத்தை, நாளைக்கு எனக்குப் பிறக்குத பிள்ளைக்கும் இந்தக் கண்ணு வந்தா? எந்த வயசுல லென்ஸ் மாட்டுவீங்க?"

"அப்படிச் சொல்லாதட்டி. ஆம்பளப் பிள்ளையாப் பிறக்கட்டும்னு சாமிகிட்ட வேண்டிக்கிடுவோம்."

மறுபடியும் கிள்ளு விழும் என்று நினைத்தேன். விழவில்லை. என் வீட்டுக்காரி என்னைத் தாண்டி முன்னால் வந்தாள். பையனின் அம்மா பாதி குடித்து வைத்திருந்த காப்பி டம்ளரை எடுத்தாள்.

"மதினி, எந்திரிங்க. இவ வயித்துல இருக்கையில நானும் வேண்டிக்கிட்டேன். ஆம்பளப் பிள்ளை வேணும்னு இல்ல. இந்தா நிக்கிற இவிய கண்ணு என் பிள்ளைக்கு வரணும்னு வேண்டிக்கிட்டேன்."

இத்தனை வருசத்தில் என்னிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை.