சங்கரா மீனும் சாத்திய கதவும்

எட்டு வயதில் எனக்கிருந்த பயங்களை வரிசைப்படுத்தினால் மீன் முள்ளுக்குத்தான் முதலிடம். கணக்கு வாத்தியார்கூட அதற்கு அப்புறம்தான்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே மீனை யாரும் எண்ணெயில் பொரிப்பதில்லை, மசாலா தடவிக் கரியில் சுடுவார்கள் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தே காட்டுவது என்று தீர்மானித்தார். அன்றைக்கென்று பார்த்து அஸ்தினாபுரத்தில் விடாத மழை. அப்பாவுக்கு ஃபேக்டரியில் பாய்லர் ஷிஃப்ட். வீட்டில் அம்மா, மாமா, நான், தங்கை மட்டும்.

மாமா நான்கு சங்கரா மீன்களின் இருபுறமும் கீறல் போட்டு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் கீறலுக்குள் அப்பி ஊறவைத்தார். கரி இஸ்திரிக் கடையில் வாங்கியது. அடுப்பு, சிமெண்ட் அள்ளும் இரும்புச் சட்டி. அதன்மேல் வைத்த கம்பி வலை, எங்கள் செத்துப்போன டேபிள் ஃபேனின் முகம். பின்பக்கம் சாரல் அடித்ததால் சட்டி கூடத்துக்கு வந்தது. முதலில் புகை கண்ணைக் கரித்தது. கரி கனிந்து சிவந்ததும் நின்றுவிட்டது.

"பாத்தியாக்கா, ஒரு பொட்டுப் புகை இருக்கா? இனிமே ஜன்னல சாத்திக்கலாம்" என்றார் மாமா.

ஜன்னல்கள் சாத்தப்பட்டன. மழைத்தண்ணீர் வராமலிருக்கக் கதவிடுக்குகளில் அம்மா கோணிப்பையைச் சுருட்டித் திணித்தாள். மீன் வெந்த பிறகும் கரியை அணைக்கவில்லை. காயாத யூனிஃபார்ம்களை அதற்கு மேலே கொடி கட்டிப் போட்டாள். மூடிய அறையில் கனலும் கரி, நிறமும் வாசனையும் இல்லாத ஒரு விஷ வாயுவை வெளியிடும் என்று பத்தாம் வகுப்பில் படித்தேன். அன்றைக்கு அந்த அறையில் பத்தாம் வகுப்பு தாண்டியவர் யாரும் இல்லை.

"முள்ளப் பாத்துத் தின்னுடா. தொண்டையில மாட்டுச்சுன்னா ஆபரேஷன்தான்" என்றார் மாமா, அன்போடு.

ஒரே ஒரு வாய் தின்றேன். மிச்சம் கால்சட்டைப் பைக்குள் போயிற்று. வீணாக்கியது தெரிந்தால் அம்மா தோலை உரித்துவிடுவாள். எல்லோரும் படுத்ததும் வெளியே எறிந்துவிடுவது என்பது என் திட்டம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு எல்லோரும் படுத்தார்கள். எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. சந்தேகமே இல்லை, முள் தொண்டையில் நிற்காமல் நேராக மூளைக்கு ஏறிவிட்டது. பயத்தில் திட்டத்தை மறந்து அம்மாவை உலுக்கினேன். கண்ணைப் பாதி திறந்து, என்னவோ குழறி, மறுபடி மூடிக்கொண்டாள். தங்கையின் கையைத் தூக்கினேன். விட்டதும் தொப்பென்று விழுந்தது. குறட்டை விடாத மாமாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சாவதற்கு முன் அந்த மீனையாவது ஒழித்துவிட வேண்டும். கால் நிற்கவில்லை. பின்கதவு வரை தவழ்ந்துபோய்க் கோணியை இழுத்தேன். மழையில் உப்பியிருந்த கதவைத் தொங்கி இழுக்க, அது திறந்துகொண்டது. மீனை மழையில் எறிந்தேன். பின்னாலேயே வாந்தி எடுத்தேன். வாந்தியில் முள் இருக்கிறதா என்று தேடிப் பார்த்ததாகவும் ஞாபகம். காற்று கூடத்துக்குள் புகுந்து யூனிஃபார்ம்களைப் பறக்கவிட்டது. கதவை மூட எனக்குத் தெம்பில்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ரொம்ப நேரம் கழித்து அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தோளில் தங்கை முனகிக்கொண்டிருந்தாள். கூடம் முழுக்கத் தண்ணீர்.

"கதவ ஏன்டா தொறந்து வெச்ச?" என்று ஓர் அறை விட்டாள். மெதுவான அறை, ஏன் இவ்வளவு மெதுவாக என்று அப்போதே தோன்றியது. பிறகு அவளும் வாந்தி எடுத்தாள்.

"மசாலா ஜாஸ்தி. பித்தம் ஏறிடுச்சுக்கா" என்றார் மாமா, தலையைப் பிடித்தபடி.

சாயங்காலம் அப்பா வந்தார். நடந்ததைக் கேட்டார். மாமாவிடம் ஒரே கேள்விதான்: "ஜன்னல் சாத்தியிருந்துதா?" பதிலுக்குக் காத்திராமல் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் கவிழ்த்தார். மழையில் கரி சீறியது. திரும்பி வந்து எல்லாக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டார். சாரல் பாய்வரை வந்தது. ஒரு கதவைத் திறந்ததற்கு எனக்கு அறை. அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்களைப் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, தங்கையின் மூக்கருகே கன்னத்தைக் கொண்டுபோனார். அப்படியே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். எனக்கு விளங்கிவிட்டது. யார் மீன் தின்றார்கள், யார் தின்னவில்லை என்று வாசம் பிடிக்கிறார். கண்ணை இறுக்கி மூடி, மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அப்பா என்னை வாரித் தூக்கி உலுக்கிய உலுக்கலில் ஆடிக்கொண்டிருந்த பல் ஒன்று விழுந்தேவிட்டது. "தின்னலப்பா, தூக்கிப் போட்டுட்டேன்!" என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் என்னை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதார்.

ஒரு துண்டு மீனுக்காக ஒரு மனிதர் அப்படி அழுவார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முள்ளோடு விழுங்கியிருப்பேன்.