தமிழில் வந்த கேள்வித்தாள்

இரும்புச் சட்டியில் சட்டுவம் தட்டும் ஓசை. சுடுமணலில் கப்பலண்டி, அதாவது நம் வேர்க்கடலை, வறுபடும் வாசனை. திருவனந்தபுரத்தில் எந்தச் சாலையோரத்தில் இது எதிர்ப்பட்டாலும், என் மனம் நாலைந்து வருடம் பின்னால் ஓடி ஒரு பூங்காவின் சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அரசு எழுத்தர் தேர்வு. வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் கணவரின் வேலை ஆட்டம் கண்டிருந்த நேரம் வேறு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வீடு இருந்த ஸ்ரீவராகத்திலிருந்து பஸ் பிடித்து அந்தப் பூங்காவுக்கு வருவேன். மரத்தடிகளில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் படிப்பது இந்த ஊர் வழக்கம். எங்கள் பெஞ்சில் நானும் ஒரு மலையாளப் பெண்ணும் மட்டும். என்னைவிட இளையவள், அதே தேர்வுக்குத்தான் படித்தாள்.

கொடுத்திருக்கும் நாலு விடைகளில் சரியானதைச் சொன்னால் மட்டும் அவளுக்குப் போதாது. மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று சொல்ல வேண்டும். அடுத்த தேர்வில் அந்த மூன்றில் ஒன்றுதான் விடையாக வரும் என்பது அவள் கணக்கு. தப்பாக எழுதினால் மதிப்பெண் குறையும். அதனால் தெரியாததை விட்டுவிட்டு வரவும் பழக்கினாள். எனக்கு அதுதான் கஷ்டம். விடைத்தாளில் நிரப்பாத வட்டத்தைப் பார்த்தாலே கை பரபரக்கும். "எல்லாம் சீலமாகணும் சேச்சி" என்பாள். சீலம் என்றால் மலையாளத்தில் பழக்கம்.

தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தபோது ஹால் டிக்கெட் வந்தது. என் போனை வாங்கிப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"இதுல தமிழ்னு கிடக்கே. நாம படிச்சது முழுக்க மலையாளமல்லே?"

இங்கே தமிழர்கள் கேட்டுக்கொண்டால் கேள்வித்தாள் தமிழில் கிடைக்கும். வீட்டில் பேசும் மொழியாயிற்றே, அதிலேயே வரட்டும் என்று விண்ணப்பத்தில் ஆசையாகக் கேட்டுவிட்டு மறந்தும் போயிருந்தேன். ஆனால் பள்ளியில் படித்தது மலையாளம், பெஞ்சில் படித்ததும் மலையாளம். பிரகாச சம்ஸ்லேஷணம் என்றால் தூக்கத்திலும் பதில் வரும். அதையே தமிழில் ஒளிச்சேர்க்கை என்றால் ஒரு கணம் விழிப்பேன். கேள்விக்குக் கேள்வி அந்தக் கணம் சேர்ந்தால் நேரம் போய்விடும். இனி மாற்றவும் வழியில்லை.

அவள் அதிகம் யோசிக்கவில்லை. பழைய தமிழ்க் கேள்வித்தாள்களை எடுத்து வரச் சொன்னாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் ஒவ்வொரு கேள்வியையும் உரக்க வாசிக்க வேண்டும். இருவரும் போட்டி போட்டுப் பதில் சொல்ல வேண்டும். முதல் நாள் பாதி கேள்வி அவளுக்குப் புரியவில்லை. என் உச்சரிப்பு சர்ச்சில் ஜெபம் சொல்வது மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்தாள். ஒரு வாரத்தில் ஒளிச்சேர்க்கைக்கு என்னை முந்தினாள். ஆனால் அவளுடைய திருப்புதல் அப்படியே கிடந்தது. உன் படிப்பு என்னாவது என்று ஒருநாள் கேட்டேன். கடலைத் தோலை ஊதிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு இனியும் எழுதலாம். உங்களுக்கோ?"

நான் அடுத்த கேள்வியை வாசித்தேன்.

தேர்வு நாளில் தமிழ்க் கேள்விகளுக்குப் பதில் அவள் குரலில்தான் கேட்டது. தெரியாததை விட்டுவிட்டு வந்தேன். பட்டியலில் என் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

இன்று நான் உட்காரும் அலுவலக நாற்காலியில் அவளுடைய அந்த வாரங்களும் உட்கார்ந்திருக்கின்றன. காலையில் அதை இழுத்துப் போடும்போதெல்லாம் அவை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

வேலையில் சேர்வதற்கு முந்தின நாள் அதே பெஞ்சுக்குப் போனேன். அவள் அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கேள்வி கேட்கிறேன், உன் தாள் மலையாளத்தில்தானே, மலையாளத்திலேயே கேட்கிறேன் என்றேன். அவள் பஸ்ஸுக்கு எழுந்தாள். பொட்டலத்தில் மிச்சமிருந்த கடலையை என் கையில் கொட்டினாள்.

"வாங்க சேச்சி. ஆனா தமிழ்லயே கேளுங்க. எனக்கு இப்போ அதுதான் சீலம்."