தொப்பிக்குப் போன கை

உருளைக்கிழங்குத் தோல் இரண்டாவது வாளியையும் நிரப்பிவிட்டது. முர்டினா கொல்லைக் கதவைக் காலால் தள்ளி, தோலைக் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, மறுபடி முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். புதன்கிழமை சாயங்காலம். விடிந்தால் உபவாச நாள். பேருக்குத்தான் உபவாசம், சாப்பாடு உண்டு, வேலைதான் ஆகாது. கத்தியும் துடைப்பமும் தறியும் அன்று தொடப்படாது. ஆகவே வியாழக்கிழமைக்கு உரிக்க வேண்டியதையெல்லாம் புதன்கிழமையே உரித்துத் தண்ணீரில் போட்டாக வேண்டும்.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் திருவிருந்து வாரம் வந்துவிட்டால் முர்டினா வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. அடுத்த சபைகளிலிருந்து வருகிறவர்கள் கட்டிலுக்கு இருவராகப் படுப்பார்கள். ஆண்களுக்குத் தறிக்கொட்டகையில் வைக்கோல் மெத்தை. ஆட்டுக்கறி சூப், உப்பிட்ட ஹெர்ரிங் மீன், துணியில் கட்டி அவித்த திராட்சைப் பணியாரம் என்று திங்கட்கிழமை வரை அடுப்பு அணையாது. வந்தவர்கள் வயிறார உண்டு, சங்கீதம் பாடி, "முர்டினா கையில் ஆசீர்வாதம் இருக்கிறது" என்று சொல்லிப் போவார்கள்.

அத்தனை பேருக்கும் பந்தி பரிமாறியவள் கர்த்தருடைய பந்தியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அந்த ஊரில் அது அதிசயமும் இல்லை. ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்கு வருவது வேறு, அப்பத்துக்குக் கை நீட்டுவது வேறு. முதல் தடவை பந்திக்குப் போக நினைப்பவர்கள் சனிக்கிழமையன்று மூப்பர்கள் முன்னால் போய் நின்று, ஏன் வருகிறேன் என்று சொல்லியாக வேண்டும். தகுதியில்லாமல் உண்கிறவன் தன் ஆக்கினையை உண்கிறான் என்ற வசனம் சின்ன வயதிலேயே எலும்பில் ஏறியிருக்கும். சாகும் வரை போகாமலே இருந்தவர்கள்தான் அதிகம்.

முர்டினா பிறவியிலேயே பக்திப்பழம் என்று நினைத்துவிட வேண்டாம். பதினாறு வயதில் துணிப்பெட்டியோடு மீன் வேலைக்குக் கிளம்பியவள். ஷெட்லாண்டிலிருந்து யார்மத் வரை படகுகள் போகும் துறைமுகத்துக்கெல்லாம் பின்னாலேயே போய், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, ஹெர்ரிங் மீன் வயிறு கிழித்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி. கத்தி பட்ட இடத்தில் உப்பு ஏறி எரியும். எரிய எரியப் பாட்டுப் பாடுவார்கள். யார்மத்தில் முதல் கூலியில் அவள் வாங்கியது இறகு செருகிய கருநீலத் தொப்பி ஒன்று. அதைச் சற்றே சாய்த்து வைத்தால் முகத்துக்கு ஒரு களை வரும் என்று கண்டுபிடித்து, படம் பிடிக்கிற கடையில் அப்படியே போய் உட்கார்ந்தாள். அம்மா படுக்கையில் விழுந்த செய்தி வந்ததும் ஊர் திரும்பினாள். பீப்பாய் செய்கிற ஒருவன் அவளுக்காகக் கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அம்மா போன பிறகு அவளும் தம்பி எவாண்டரும் மட்டும் வீட்டில் மிஞ்சினார்கள். அவன் துணி நெய்தான், பிற்பாடு சபை மூப்பனும் ஆனான்.

அந்த நாட்களில்தான் மாட்டுக்கொட்டகையில் பேச ஆரம்பித்தாள். பால் கறக்கும்போது, நெற்றியைப் பசுவின் விலாவில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, கர்த்தரிடம் பேசுவாள். பசுவுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பதுபோல, இன்றைக்கு மழை வருமா என்பதிலிருந்து எல்லாம். இது எவாண்டருக்குக்கூடத் தெரியாது. அடுத்த வீட்டு டோலினா ஒருதரம் முட்டை கேட்க வந்தவள் கொட்டகை வாசலில் நின்று கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறாள்.

அம்மா போன அடுத்த வருஷம் முர்டினா மூப்பர்களைப் பார்க்கக் கிளம்பத்தான் செய்தாள். அறைக் கதவின் குமிழில் கை வைத்தபோது, 'அம்மா ஆசைப்பட்டாளே என்றுதானே போகிறேன்' என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. கையை எடுத்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவளை வழியில் ஒரு கிழவி பார்த்தாள். போதாதா? பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் செய்தி: வாசல் வரை போய்ப் பயந்து திரும்பினாளாம், அப்பேர்ப்பட்ட மனசாட்சியாம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு திருவிருந்துக்கும் பெண்கள் அவள் கையைப் பிடித்து, "இந்தத் தரமாவது?" என்பார்கள். அவள் தலையை ஆட்டுவாள். அப்போது அவர்கள் முகத்தில் ஒரு கனிவு வரும். முதலில் சில தடவை அவள் விலகி நின்றது நிஜமான பயத்தில்தான். பிறகு அந்தக் கனிவுக்காக நின்றாளா? பால் எந்த நிமிஷத்தில் தயிரானது என்று யாரால் சொல்ல முடியும்? பக்கத்துச் சபைப் பெண்கள் அவளைப் பார்ப்பதற்கென்றே அவள் வீட்டில் தங்க ஆசைப்பட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

வெள்ளிக்கிழமை கேள்வி நாள். அன்று பிரசங்கம் கிடையாது. சபையில் ஒரு பெரியவர் எழுந்து, மெய்யாகக் கர்த்தரை நேசிக்கிறவனுக்கும் வேஷம் போடுகிறவனுக்கும் அடையாளம் என்ன என்று கேட்பார். போதகர் பேர் சொல்லிக் கூப்பிட, ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து தாங்கள் அறிந்த அடையாளத்தைச் சொல்வார்கள். பெண்கள் அன்று பேசுவதில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள்.

மூப்பர் ஃபின்லேயைக் கூப்பிட்டார்கள். தச்சர். அவர் குரலில் மரம் இழைப்பது போன்ற ஒரு இழுவை உண்டு.

"வேஷக்காரன் பந்திக்கு முந்திக்கிட்டு ஓடுவான்" என்றார். "நேசிக்கிறவன் வாசல்லயே நின்னுடுவான். நம்ம சபையிலயும் அப்படி ஒரு ஆத்துமா இருக்கு. பேர் சொல்ல மாட்டேன். ஊருக்கே சோறு போடும். தான் மட்டும் ஒரு துணுக்கு அப்பத்துக்குத் தகுதியில்லன்னு நிக்கும்."

பேர் சொல்லத்தான் வேண்டுமா? பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பாமல் திரும்பின. பிரசங்க மேடைக்குக் கீழே மூப்பர்கள் வரிசையில் எவாண்டரின் காது இரண்டும் சிவந்தன. முர்டினா தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலைக்கு அவள் வலக்கை தானாகப் போனது. இரண்டு விரல் அந்தக் கருநீலத் தொப்பியின் விளிம்பைப் பிடித்து, சற்றே சாய்த்து, களை வருகிற இடத்தில் வைத்தது.

வைத்த பிறகுதான் அவள் அதைக் கண்டாள். கை இன்னும் மேலேயே இருந்தது. யார்மத் படக்கடையில் செய்த அதே காரியம். வேறு யாரும் கவனிக்கவில்லை. அவள் கையை இறக்கி மடியில் வைத்து, மற்றக் கையால் அமுக்கிக்கொண்டாள். ஃபின்லே மேற்கொண்டு சொன்னதில் ஒரு சொல்லும் அவள் காதில் ஏறவில்லை.

மத்தியானம் விருந்தாளிகள் முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, சமையலறையில் டோலினா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். முர்டினா நடந்ததைச் சொன்னாள். டோலினா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவளும் கொஞ்சம் சிரிக்கத்தான் செய்தாள்.

"அந்தத் தொப்பி உனக்கு நல்லாத்தான்டி இருக்கு."

"நான் வெளையாடல, டோலினா. இத்தன வருஷம் யாருக்காக நின்னேன்னு இப்பத்தான் தெரியுது. நாளைக்குப் போகலாமான்னு பாக்குறேன். ஆனா போறதும் அதே மாதிரி இருந்துட்டா?"

டோலினா ஈரக்கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்தாள். "நான் எதுக்குப் போனேன்னு சொல்லவா? என் மாமியா அந்த வருஷம் போகப்போறதாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. அவளுக்கு முந்திப் போயிடணும்னு போனேன். மூப்பருங்க முன்னால அழுகைகூட வந்துச்சு. எந்தக் கண்ணீர்னு எனக்கே தெரியாது. அப்பத்த வாயில போட்டப்புறம்தான் வெக்கம் வந்துச்சு பாரு. அந்த வெக்கத்துலதான் இன்னிக்கு வரைக்கும் ஜெபம் பண்ணிட்டிருக்கேன்."

"அப்போ பொய்யாப் போனாலும் பரவால்லங்கிறியா?"

"போடி. பொய்யாப் போகாதேன்னுதான் சொல்றேன். ஆனா மனசு சுத்தமானப்புறம்தான் போவேன்னா, சட்டி வெளுத்தப்புறம்தான் தண்ணியத் தொடுவேன்னு சொன்ன கதைதான்." அவள் மறுபடி தட்டுக்குப் போய்விட்டாள்.

எவாண்டரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் நல்லவன். அக்காவுக்கு அடுப்பில் எரிக்கிற சதுப்புநில மண்கட்டிகளை வெட்டிக் காயவைத்து அடுக்கித் தருவதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. முகம் சுளித்துப் பேசியதில்லை. ஆனால் அக்கா நாளை மூப்பர்கள் முன்னால் வரப்போவதாகச் சொன்னதும், கையிலிருந்த தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தான். ஃபின்லே அப்படிப் பேசிய கையோடு வந்து நின்றால் நன்றாகவா இருக்கும், வருகிற திருவிருந்துக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்று சுற்றி வளைத்துச் சொன்னான்.

"வர்ற தரத்துக்கும் ஒரு ஃபின்லே இருப்பான்" என்றாள் அவள்.

"சனங்க என்ன சொல்லும், அக்கா? புகழ்ந்த உடனே கெளம்பிட்டாளேன்னு சொல்லும். நம்ம வீட்டுக்குன்னு ஒரு பேர் இருக்கு."

"அந்தப் பேர நெனச்சாத்தான்டா எனக்குப் பயமா இருக்கு."

மறுநாள் ஆராதனை முடிந்ததும் போனாள். குமிழில் கை வைத்தபோது பழைய கேள்வி வராமலில்லை. இந்தத் தடவை கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பின் வாடை. போதகர் கிரேயம் நடுவில், மூப்பர்கள் இருபுறமும். ஃபின்லே அவளைக் கண்டதும் கொஞ்சம் திடுக்கிட்டார். எவாண்டர் கோடியில், ஜன்னலைப் பார்த்தபடி.

போதகர் உட்காரச் சொன்னார். ஏன் வருகிறீர்கள், ஏன் இப்போது என்று தணிந்த குரலில் கேட்டார். முர்டினா மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த வசனம் ஒன்றும் நாவில் வரவில்லை.

"நேத்து என் கை தொப்பிக்குப் போச்சு, ஐயா" என்று ஆரம்பித்தாள். நடந்ததை அப்படியே சொன்னாள். கோடியில் கிழவர் நார்மன் இருமினார். அது இருமல்தானா என்று அவளுக்குச் சந்தேகம். "தாழ்மைன்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். பாக்குறவங்களுக்காகத்தான் நின்னிருக்கேன். இப்ப வர்றது முழுசா அவருக்காகத்தானான்னு கேட்டா, எனக்குத் தெரியல. ஆனா மாட்டுக்கொட்டகையில நான் அவரோட பேசுறதுண்டு. அங்க யாரும் பாக்கணும்னு எனக்கு ஒருநாளும் தோணினதில்ல. அந்த ஒண்ண நம்பித்தான் வந்திருக்கேன்."

எவாண்டர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்து அக்காவைப் பார்த்தான். கொட்டகை விஷயம் அவனுக்குப் புதிது. மூப்பர்கள் யாருக்காவது கேட்க ஏதும் உண்டா என்று போதகர் வழக்கப்படி வினவினார். ஃபின்லே தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி எழவில்லை. பந்திக்கு அனுமதியான ஈய வில்லையை எடுத்துப் போதகர் அவள் உள்ளங்கையில் வைத்தார். சில்லென்றிருந்தது. அதை விரல்களுக்குள் மூடிக்கொண்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொப்பியில் வந்து சிக்கல் நின்றது. இறகில்லாத பழைய கறுப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். 'இப்போது எளிமையைக் காட்டப் போகிறாயா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டு, கருநீலத்தையே மாட்டினாள். சங்கீதம் எழும்பி, பந்திக்கு வருகிறவர்கள் மெல்ல முன்னால் நடந்தபோது, வேதப்புத்தகத்தை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கையும் தொப்பிக்குப் போக அவள் இடம் கொடுப்பதாக இல்லை.

வெள்ளைத் துணி விரித்த நீண்ட பலகையில் டோலினா நகர்ந்து இடம்விட்டாள். அப்பம் கை மாறி வந்தது. ஓரம் சற்றுத் தீய்ந்திருக்கிறது என்று முர்டினாவின் சமையல் புத்தி கவனித்தது. பிட்டு வாயில் போட்டாள். பசுவின் விலாவில் நெற்றியை வைத்தால் ஒரு சூடு வருமே, அதுபோல ஏதோ வந்தது. வந்ததா, அவளாக நினைத்துக்கொண்டாளா என்று ஆராய அவள் போகவில்லை. மிச்சத்தை டோலினாவிடம் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் சிலர் கையைப் பிடித்து மனதாரச் சந்தோஷப்பட்டார்கள். பக்கத்துச் சபைப் பெண் ஒருத்தி மட்டும், "நீங்களும் வந்துட்டீங்களா?" என்றாள். பார்க்க வந்த காட்சியைக் கலைத்துவிட்டார்களே என்பதுபோலக் குரல். அந்தக் கனிவு அவள் முகத்தில் இல்லை. முர்டினாவுக்கு அது இல்லாதது உறைத்தது. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுவதுபோல மத்தியானம் முழுக்க மனசு அதையே போய்த் தொட்டது.

திங்கட்கிழமை ஸ்தோத்திர ஆராதனை முடிந்து கடைசி விருந்தாளியும் பேருந்து ஏறியாயிற்று. முர்டினா பெரிய சூப்புப் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எவாண்டர் மேஜையருகே உட்கார்ந்து ஆறிப்போன தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தான். சனிக்கிழமைக்குப் பிறகு அவன் அதிகம் பேசவில்லை. கோபமென்றும் சொல்ல முடியாது. காலையில் அவள் கேட்காமலே மாட்டுக்கொட்டகையைக் கூட்டிவைத்திருந்தான்.

"இனிமே நம்ம வீட்டுல தங்க அவ்வளவா வரமாட்டாங்க" என்றான்.

"சூப்புக்காக வருவாங்க."

அவன் உதட்டோரம் கொஞ்சம் இளகியது. அவள் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைக்காமலே அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் அவனுக்குச் சங்கீதம் தடுமாறும்போது இப்படித்தான் எதிரில் உட்காருவாள்.

"எவாண்டர், உன்ன ஒண்ணு கேக்கட்டா? குத்திக்காட்டணும்னு கேக்கல. அன்னிக்கு ஃபின்லே என்னைப் பத்திப் பேசினாரே, அப்ப உன் காது ஏன்டா செவந்துச்சு?"

அவன் கரண்டியை நிறுத்தினான். கை காதுப் பக்கம் பாதி வழி போய், தான் போவதை அறிந்து, இறங்கிற்று. பசு கத்துகிறாற்போல இருக்கிறது என்றான். பசு கத்தவில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆணியில் மாட்டியிருந்த தன் தொப்பியை எடுத்தான். தலையில் வைக்காமல் கையிலேயே சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கொல்லைக் கதவைத் திறந்து வெளியே போனான்.