வலது பக்கத்துத் துணி

என் மாமாவுக்கு விசில் ஊதத் தெரியும் என்பதை எங்கள் வீட்டில் ஒரு பெரிய தகுதியாகவே வைத்திருந்தார்கள். அம்மாவின் கடைசித் தம்பி அவர். ஓர் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியின் ஸ்டோரில் வேலை. சனிக்கிழமைகளில் மேலாளரின் பங்களாப் புல்வெளியில் அந்த நாட்டுப் பிள்ளைகள் கூடி ஒரு விசித்திரமான பந்தாட்டம் ஆடுவார்களாம். பந்து வேலி தாண்டிப் போனால் எடுத்துப் போடுவதற்காக மாமாவை அங்கே நிறுத்தியிருந்தார்கள். பந்து பொறுக்கப் போனவர் ஆட்டத்தின் சட்டம் முழுவதையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். மேலாளர் தன் நாட்டுக்கே போய்விட்ட சமயத்தில் தையல் விட்டுப்போன பந்து ஒன்றும் ஒரு விசிலும் மாமாவுக்குக் கிடைத்தன. அதன்பிறகு அவர் நடந்த நடையே வேறு.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். அறுபதுகளின் தொடக்கம். அப்பா பஸ் கண்டக்டர். எங்கள் வரிசைப் பிள்ளைகளும் ரேஸ்கோர்ஸ் சாலைப் பிள்ளைகளும் ஃபேரர் பார்க் திடலில் காற்பந்து ஆடினால், ஆட்டம் முடிவதற்குள் யாருக்காவது முட்டி பெயர்ந்திருக்கும். அதன் பிறகு அம்மாக்கள் சண்டை போடுவார்கள், அப்பாக்கள் கோப்பிக் கடையில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதற்கெல்லாம் மருந்தாகத்தான் மாமா அந்தப் புதிய ஆட்டத்தைக் கொண்டுவந்தார்.

பந்து பப்பாளிக்காய் மாதிரி நீளமாக இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், தன் அணியில் ஒருவருக்கு வீசலாம். எதிர்ப்பக்கத்து இறுதிக்கோட்டைத் தாண்டினால் ஒரு புள்ளி. ஒவ்வொருவர் இடுப்பிலும் இரண்டு பக்கமும் பழைய புடவைத் துணி ஒன்று வால் போலத் தொங்கும். பந்தோடு ஓடுகிறவனின் துணியை எதிரணிக்காரன் உருவிவிட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். நான்கு தடவைக்குள் நடுக்கோட்டைத் தாண்டாவிட்டால் பந்து அடுத்தவர்களுக்குப் போய்விடும். இடிக்கக்கூடாது, தள்ளக்கூடாது, சட்டையைப் பிடித்து இழுக்கக்கூடாது. பந்தோடு ஓடுகிறவன் கையாலோ முழங்கையாலோ தன் துணியை மறைக்கவும் கூடாது. மறைத்தால் விசில். மாமா தோளிலிருந்து ஒரு மஞ்சள் கைக்குட்டையை உருவித் தரையில் எறிவார். குற்றம் செய்த அணி ஐந்து காலடி பின்னால் போகவேண்டும்.

பிள்ளைகள் இதற்கு வால் பந்து என்று பெயர் வைத்தார்கள். யாரும் யாரையும் தொடமாட்டார்கள் என்பதால் எட்டு வயதுப் பெண்ணான என்னையும் ஆட அம்மா அனுமதித்தாள். அப்படித்தான் நான் அண்ணனின் அணியில் சேர்ந்தேன்.

அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவனைப் போல ஓட எங்கள் வரிசையில் ஆள் இல்லை. ஓடும்போது இடுப்பை ஒரு வெட்டு வெட்டுவான்; உருவ வந்தவன் கை காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது வேறொன்று. நழுவிய பந்து தரையைத் தொட்டுவிட்டால், மாமா பார்க்காவிட்டாலும் அவனே கையைத் தூக்கிச் சொல்லிவிடுவான். எங்கள் அணியில் இருந்த பெரிய பையன்கள் இதற்காக அவனைத் திட்டியிருக்கிறார்கள். அவன் சிரிப்பான்.

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேஸ்கோர்ஸ் சாலைப் பிள்ளைகளோடு பெரிய ஆட்டம் என்று பேச்சானது. ஜெயிக்கிற அணிக்கு ஒரு மளிகைக்கடைக்காரர் ஒரு பெட்டி ஆரஞ்சு சோடா தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்திருந்தோம். அன்று எதிரணிப் பையன் ஒருவனின் அப்பா, லாரி ஓட்டுகிறவர், திடலின் ஓரத்தில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “தாய்மாமன் விசில் ஊதுனா மருமகன் ஜெயிக்காம என்ன லா செய்வான்?”

மாமா கைக்குட்டையை மடித்துத் தோளில் செருகிக்கொண்டார். ஆனால் அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. நடுவர் ஆட்டக்காரன் வீட்டில் கை நனைக்கக்கூடாதாம். அம்மா சிரித்துக்கொண்டே ஒரு தூக்கில் மீன் குழம்பைக் கொடுத்தனுப்பினாள். அது திறக்கப்படாமல் திரும்பி வந்தது.

ஆட்டத்தன்று காலையில் அண்ணன் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். ஆட்டத்தின் பரபரப்பு என்று அம்மா நினைத்தாள். எங்கள் வீட்டில் வயிறு சம்பந்தமாக யார் எதைச் சொன்னாலும் அம்மா விளக்கெண்ணெய்ப் புட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அதனால் வயிறு பற்றிய விஷயங்களை நாங்கள் வெளியே சொல்வதில்லை.

மாலையில் திடலைச் சுற்றி நல்ல கூட்டம். மழை வரும்போல வானம் இருண்டு கிடந்தது. மாமா வெள்ளைச் சட்டை போட்டு, கைக்குட்டையைத் தோளில் செருகிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார். எனக்கு அது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

முதல் தடவை பந்து அண்ணன் கைக்கு வந்தது. ஓடினான். எப்போதும் போல அந்த வெட்டு வரவில்லை. பந்தை இடது கையில் இடுக்கியிருந்தான். வலது கை இறங்கி இடுப்பின் வலது பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. விசில் ஒலித்தது. மஞ்சள் கைக்குட்டை தரையில் விழுந்தது.

“துணிய மறைக்காதே. கைய எடு.”

அண்ணன் தலையை ஆட்டினான். நாங்கள் ஐந்து காலடி பின்னால் போனோம்.

அடுத்த ஓட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. நடுக்கோட்டுக்கு அருகில் ஒருவன் துணியை நோக்கிப் பாய்ந்தபோது, அண்ணனின் கை மறுபடியும் அதே இடத்துக்குப் போனது. மறுபடியும் விசில். கூட்டத்தில் யாரோ “கள்ளாட்டம்!” என்று கத்தினார்கள். லாரிக்காரர் கத்தவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவும் அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

மாமா அண்ணனிடம் வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

“என் மானத்த வாங்கணும்னே ஆடுறியாடா? இன்னொரு தடவ கை அங்க போச்சு, வெளிய அனுப்பிடுவேன்.”

“போகாது மாமா” என்றான் அண்ணன். அவன் நெற்றியெல்லாம் வியர்வை. மழைக்கு முந்திய அந்தக் காற்றில் எங்களுக்கெல்லாம் குளிர்ந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு அவன் ஓடவில்லை. பந்து கைக்கு வந்ததும் எனக்கு வீசினான். இரண்டு தடவை பிடித்தேன், ஒரு தடவை இறுதிக்கோட்டுக்குப் பக்கம் வரைக்கும் போனேன். இரண்டு அணியும் சமமாக இருந்தன. கடைசி வாய்ப்பில் வீசுவதற்கு யாரும் இல்லாமல் அண்ணனே ஓடவேண்டியதாயிற்று. கையை நன்றாக விரித்துக்கொண்டு, இடுப்பை ஊருக்கே காட்டுகிறவன் மாதிரி ஓடினான். எதிரே வந்த மூன்று பேரைத் தாண்டிவிட்டான். இறுதிக்கோடு தெரிந்தது. நான் குதிக்கத் தொடங்கிவிட்டேன். அந்த நேரத்தில் அவன் அப்படியே முன்பக்கம் வளைந்தான். வலது கை துணியின் மேல் அழுந்தியது. பின்னாலிருந்து உருவ வந்தவனின் விரல்கள் அண்ணனின் புறங்கையைத்தான் தொட்டன. வளைந்தபடியே அவன் கோட்டைத் தாண்டி விழுந்தான்.

எங்கள் பக்கம் கூச்சல். மாமாவின் விசில் அந்தக் கூச்சலுக்கு மேலே கேட்டது. ஓட்டம் செல்லாது என்றார். பந்து எதிரணிக்கு. அண்ணனுக்குத் திடலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

அவன் எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாமாவை ஒரு தடவை பார்த்துவிட்டு நடந்து போனான். அந்தப் பந்தோடு எதிரணி கோட்டைத் தாண்டியது; நாங்கள் தோற்றோம். லாரிக்காரர் வந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நியாயமான ஆளுங்க நீங்க” என்றார். மாமாவின் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திடலை ஒட்டியிருந்த பெரிய சாக்கடை அருகில் அண்ணன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். தோல்வியின் அவமானத்தில் வாந்தி வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவனோடு சேர்ந்து நடக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆரஞ்சு சோடா போனது இவனால்தான். மழை பிடித்துக்கொண்டது. நான் முன்னால் ஓடி வந்துவிட்டேன். அவன் சுவரைப் பிடித்துப் பிடித்து வீடு வந்து சேர்ந்தான்.

வாந்தி என்றதும் அம்மா அஜீரணம் என்று முடிவு செய்து விளக்கெண்ணெய் கொடுத்தாள். அண்ணன் மறுக்காமல் குடித்தான். அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விடிவதற்குள் அவன் உடம்பு கொதித்தது, வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. அப்பா ஒரு வாடகைக் காரைப் பிடித்துவந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்.

குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள். ‘வால்’ என்ற சொல்லைக் கேட்டு நான் இடுப்புத் துணியோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டேன். அறுவை செய்தார்கள். டாக்டர் அப்பாவைத் தனியாக அழைத்து, வீட்டில் பேதியாவதற்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். எதற்காக அப்படிக் கேட்டார் என்பதும் அப்பாவுக்குப் புரிந்திருக்கிறது. அதை அம்மாவிடம் அவர் கடைசிவரை சொல்லவில்லை. அம்மா காலமான பிறகுதான் என்னிடம் சொன்னார்.

சிறு பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஆனாலும் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி, என்னைப் பார்க்கவேண்டும் என்று அண்ணன் கேட்டதாகச் சொல்லி, மாமாவோடு உள்ளே அனுப்பினாள். அண்ணன் சுருங்கிப்போய்க் கிடந்தான். மூக்கில் குழாய். உதடு வெடித்திருந்தது. மாமா கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது.

“ஏன்டா சொல்லல? வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஆட்டத்தையே நிறுத்தியிருப்பேனேடா.”

அண்ணன் கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்தான்.

“அப்ப வலி ஒண்ணும் இல்ல மாமா. வீட்டுக்கு வந்த பிறகுதான் வலிச்சுது” என்றான். “திடல்ல நான் துணியத்தான் மறைச்சேன். நீங்க ஊதினது சரிதான்.”

மாமா அவனுடைய காலைத் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்த்து, “பந்த நல்லா பிடிச்சே” என்றான். ஆட்டத்தில் அவன் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. பந்து தரையைத் தொட்டால் தொட்டது என்பான். அதனால் இதையும் அப்படியே நம்பினேன். கூட்டத்தில் கத்தியவர்கள் சொன்னது உண்மைதான், என் அண்ணன் கள்ளாட்டம் ஆடியிருக்கிறான், அதையும் அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டான். அவன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டொரு நாளில் அவன் போய்விட்டான்.

எங்கள் குடியிருப்புக்கு அன்று நிறையப் பேர் வந்தார்கள். ரேஸ்கோர்ஸ் சாலைப் பிள்ளைகள் எண்ணெய் தடவி வாரிய தலையோடு வரிசையாக நின்றார்கள். லாரிக்காரர் ஒரு மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் அழுததால் நானும் அழுதேன். உண்மையில் எனக்குக் கொஞ்சம் கோபமும் மிச்சம் இருந்தது. யாரோடு என்றுதான் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்த பிறகு மாமாவைக் காணவில்லை. அம்மா தேடச் சொன்னாள். பின்பக்கம் பொதுக் குழாயடியில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் சத்தத்துக்குள் மறைந்துகொண்டு அவர் அழுதார். பெரியவர் ஒருவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவரைத் தேற்றவேண்டும் என்று தோன்றியது. தேற்றுவதற்கு என்னிடம் நல்ல சேதி ஒன்று இருக்கிறது என்றும் தோன்றியது. பக்கத்தில் போய் அவர் தோளில் கையை வைத்தேன்.

“அழாதீங்க மாமா. நீங்க ஊதினது சரிதான்னு அண்ணனே சொல்லிட்டான்ல?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். முதுகு இன்னும் பலமாகக் குலுங்கியது. தண்ணீர்ச் சத்தத்தில் நான் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். குழாயை மூடினேன். அவர் காதருகில் குனிந்து, நன்றாகக் கேட்கும்படி, அதையே இன்னொரு தடவை சொன்னேன்.