மாமாவின் கிட்டாருக்கு வராத கம்பிகள்

என் தாய்மாமாவுக்கு வந்த ஒரு பார்சலை ஒளித்து வைத்துவிட்டு, வரவில்லை என்று பொய் சொன்னேன். அதனால் ஒரு பெண்ணின் கால் ஒடிந்தது. மாமாவின் வாசிப்பும் அன்றோடு நின்றது. அப்போது நான் ஆறாம் வகுப்பில் படித்தேன். அதை ஒரு சமாதானமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

விருதுநகரில் அப்பாவுக்கு அச்சகம் இருந்தது. சிவகாசிக் கம்பெனிகளுக்குப் பட்டாசுப் பெட்டி லேபிள் அடித்துக் கொடுப்போம். மாமா பகலில் அதற்கு ஆர்டர் பிடித்துவருவார். மாலைகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாஸ் கிட்டார் வாசிப்பார். உறவினர் யாராவது கேட்டால், கோயில் பாட்டுக்குப் போயிருக்கிறான் என்று அம்மா பேச்சை மாற்றிவிடுவார்.

ஒரு பாட்டில் பாஸ் கிட்டாரைத் தனியாகக் கவனிப்பவர்கள் குறைவு. நான் கவனிப்பேன். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நின்றால், நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ உள்ளங்கையால் தட்டுவது போல இருக்கும். அந்தத் தட்டலுக்காகவே மாமாவோடு ஊர் ஊராகப் போனேன்.

அதற்குக் காரணம் அவருடைய கம்பிகள். மேலே தட்டைத் தகடு சுற்றி, தடவினால் வழவழவென்றிருக்கும் பழைய கம்பிகள். மீட்டினால் ஓசை தொம்மென்று எழுந்து அங்கேயே அமுங்கிவிடும். உருண்டைக் கம்பி சுற்றிய வகை ஒன்றும் உண்டு. நகத்தால் கீறினால் சரசரக்கும். அதில் அந்தத் தட்டல் இருக்காது. ஒவ்வொரு சுரமும் மணி அடித்தது போலத் தெளிந்து நிற்கும். மாமாவுக்கு முதல் வகைதான் பிடிக்கும். பாட்டுக்கு அடியில் படுத்திருக்க வேண்டிய வாத்தியம் எழுந்து நின்று பேசக் கூடாது என்பார்.

அந்தப் பங்குனியில் ஆமத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. அநேகமாக ஊரே பட்டாசு வேலைக்குப் போகும். முந்தைய ஆண்டு நடந்த ஒரு வெடிவிபத்தில் அங்கே பல வீடுகளில் சாவு விழுந்து, அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் நின்றுபோயிருந்தது. மறுபடி வைக்கலாம் என்று கூடிப் பேசியபோது, வேட்டு கிடையாது, வாணம் கிடையாது, பாட்டு மட்டும் போதும் என்று முடிவெடுத்தார்களாம். ஊருக்கெல்லாம் வெடி செய்து அனுப்புகிறவர்கள் தங்கள் அம்மனுக்கு ஒரு சரம்கூடக் கொளுத்தவில்லை. எங்கள் குழுவும் டிரம்ஸை விட்டுவிட்டுத் தபலாவோடு போவதாக இருந்தது.

"இந்தக் கம்பி அந்த ஊருக்கு ஆகாதுலே மருமகனே" என்றார் மாமா. மெட்ராஸிலிருந்து சரசரப்பான கம்பிகளை லாரி பார்சலில் வரவழைத்தார். தனக்கே பிடிக்காத ஓசையைத் தேடி வாங்குகிறாரே என்று எனக்குக் கோபம். அதோடு, வகுப்புப் பையன்களிடம் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தேன்.

"நெஞ்சு அதிரும்லே, வந்து பாருங்க."

"அதிரலைன்னா?"

"அதிரலைன்னா எம்பேரை மாத்திக் கூப்பிடுங்கலே."

லாரி ஆபீஸில் பார்சலை வாங்கிவரும் வேலை என்னுடையது. வாங்கினேன். அச்சகத்தில் தாள் கட்டுகளுக்குப் பின்னால் செருகிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

"வரலையா? நல்லாக் கேட்டியா? நம்ம பிரஸ் பேர்ல வந்திருக்கும்லே."

"கேட்டேன் மாமா. இன்னும் வரலைன்னுட்டாக."

மாமா கச்சேரிக்கு வரவே தயங்கினார். குழுத் தலைவர் விடவில்லை. "மெதுவா வாசிங்க தம்பி. ஒங்க கம்பியவா ஊர்க்காரன் எட்டிப் பாக்கப் போறான்?"

பாட்டு இரவில்தான். வெயில் தாழ்ந்த நேரத்தில் மைக் செட்டைச் சோதித்தார்கள். இடம் பிடிக்க வந்த பெண்கள் வெறும் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். அவசர லோடு என்று ஒரு பட்டாசுக் கம்பெனி அன்றும் ஓடியது; வேலைக்குப் போனவர்களின் பஸ் இன்னும் திரும்பவில்லை. மாமா ஒற்றைக் கம்பியை மெதுவாக மீட்டினார். கேட்கவில்லை என்று மைக் செட்காரர் எதையோ திருகிவிட்டுக் கையைக் காட்டினார். மாமா மறுபடி மீட்டினார்.

தொம்.

பையன்களோடு பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தேன். நெஞ்சு அதிர்ந்தது. சொன்னது நடந்துவிட்ட பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருவர்கூடக் கத்தவில்லை. பிறகு ஓடினார்கள். ஓடைக்கரையில் ஒரு பெண் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் அவள் மேல் விழுந்தார்கள்.

ஊர்ப் பெரியவர் மேடைக்கு வந்தார். மாமா எந்த அச்சகத்து ஆள் என்று அவருக்குத் தெரியும். "ஒங்களுக்கு லேபிளு. எங்களுக்கு அந்தச் சத்தம். தெரிஞ்சேதான் இதைக் கொண்டாந்தீகளா?"

"தப்புதாங்கய்யா" என்றார் மாமா. கம்பி வராமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். நானும் சொல்லவில்லை.

மாமா கிட்டாரைக் குழுவுக்கே கொடுத்துவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நான் ஒளித்த பார்சல் பிரிக்கப்படாமலேயே கழிவுத்தாளோடு பழைய பேப்பர்காரரிடம் போனது. நான் படித்தேன், வெளியூரில் கல்லூரி ஆசிரியனானேன், ஓய்வு பெற்றுத் திரும்பினேன். மாமாவிடம் உண்மையைச் சொன்னது போன வருஷம்தான்.

முழுவதும் கேட்டார். பிறகு, "இதை எங்கிட்டச் சொல்லி என்னலே? விழுந்தது நானா?" என்றார்.

அந்த ஊருக்குப் போனேன். அன்று விழுந்த அம்மாள் இருந்தார். கால் வளைந்தே கூடியிருந்தது. அவருடைய மகள் நாற்காலி எடுத்துப் போட்டார். பார்சலில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி, நீங்கள் பயந்து ஓடி விழுந்ததற்கு நான்தான் காரணம் என்று முடித்தேன்.

"பயந்தா?" என்றார் அந்த அம்மாள். "பயந்தா வீட்டுக்குல்ல ஓடியிருப்போம். நாங்க கம்பெனிக்கு ஓடுனோம். இவ அங்கனதான வேலையில இருந்தா."

"நான் பஸ்ஸுல கதை பேசிக்கிட்டு வந்து எறங்குறேன், எங்கம்மா ஓடையில கெடக்கு" என்று மகள் சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

அன்று கீழே பெட்டிக்கு முன்னால் நின்ற எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. சத்தத்துக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். வயதான பிறகும் அப்படியே நினைத்திருந்தேன். மாமா மேடைமேல் இருந்தார். அவர்கள் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பதை அவர் பார்த்திருப்பார். பார்த்துவிட்டுத்தான் கிட்டாரைக் கொடுத்திருப்பார்.