விஷம் கேட்க வந்த தங்கை

இறந்தவர் உடம்பில் விஷம் இருந்ததா என்று பார்க்கும் அரசு ஆய்வகத்தில் அக்காளின் கணவருக்கு வேலை. கல்யாணமான நாள் முதல் அந்த மனிதர் வீட்டில் ஆபீஸ் பேச்சே எடுத்ததில்லை. இன்று வேலை எப்படி இருந்தது என்று கேட்டால், "இருந்துச்சு" என்பார். அதற்கு மேல் வாயைப் பிடுங்க முடியாது. தையல் மிஷினோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்று நினைக்கிறார் போலும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அப்போதுதான் தங்கைக்கு மர்ம நாவல் எழுதும் கிறுக்குப் பிடித்தது. ஞாயிறுதோறும் வந்து, "அத்தான், ஒரு டவுட்டு" என்று உட்கார்ந்துவிடுவாள். உம்மணாமூஞ்சி மனிதருக்கு எங்கிருந்துதான் அத்தனை பேச்சு வருமோ! செத்த பிறகு ஈரலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் மருந்து கசிந்து இதய ரத்தத்தில் கலந்து அளவைக் கூட்டிக் காட்டும், அதனால் தொடை ரத்தத்தைத்தான் நம்ப வேண்டும் என்று தன் தொடையையே தட்டிக் காட்டி விளக்கினார். நாவலில் வரும் துப்பறிவாளனோ இதய ரத்தத்தைச் சோதித்துவிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு இயல்பாகச் செத்த கிழவருக்கு மருமகள்தான் விஷம் வைத்தாள் என்று பிடித்துக் கொடுத்திருந்தான். மொத்த அத்தியாயமும் போச்சு என்று அத்தானும் மச்சினியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுப்படியில் நின்ற அக்காளுக்கு வயிறு எரிந்தது. தங்கை மேல் உயிர்தான். ஆனால் அந்தச் சிரிப்பில் தனக்குப் பங்கில்லையே. டீ தம்ளர்களை ணங்கென்று வைத்தாள். இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தங்கை போனதும், அவளும் ஒரு கேள்வியை மனசுக்குள் தயார்செய்து சாப்பிடும்போது கேட்டாள். மருந்து எந்த அளவுக்கு மேல் போனால் விஷம் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

"அதெல்லாம் உன் தங்கச்சிகிட்ட விவரமா சொல்லிட்டேனே. புத்தகம் வந்ததும் படிச்சுக்கோ."

"புத்தகத்துல படிச்சுக்கவா உங்களைக் கட்டிக்கிட்டேன்?"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"எந்த சாம்பிளையும் ரெண்டு முறையில பாத்தாப் போதும்னு ரூல். எல்லாரும் கிளம்பினப்புறம் நான் மூணாவது தடவையும் பாப்பேன். என் கையெழுத்தால யாராவது அநியாயமா ஜெயிலுக்குப் போயிடுவாங்களோன்னு பயம். சேர்ந்த நாள்லேர்ந்து இருக்கு. அதான் லேட்டா வர்றேன். இது யாருக்கும் தெரியாது."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மனிதரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வாயில் முதலில் வந்தது வேறு.

"இதை அவகிட்ட சொல்லிடாதீங்க."