வண்டியில் மயங்கிக் கிடந்தவன்

எங்கள் ஆங்கில டிப்ளோமாவுக்குப் பாடமாக வைத்திருந்த நாவல், விக்டோரியா மகாராணி காலத்தில் எழுதப்பட்டது. வேறொரு நாட்டுப் புரட்சியைப் பற்றியது. கடைசியில், தலை வெட்டப்பட இருக்கும் ஒருவனுக்குப் பதிலாக இன்னொருவன் சிறைக்குள் போய் நின்றுகொள்கிறான். காப்பாற்றப்பட்டவனையோ மயக்கி வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை என்று சொன்னால் படிப்பித்த சேர் கோபிப்பார். எனக்கு அவ்வளவுதான் கதை.

நான் பல வருடமாகத் தொண்டர் ஆசிரியை. இந்த டிப்ளோமா இருந்தால்தான் நிரந்தர நியமனம் கிடைக்கும். வயதெல்லையும் நெருங்கிவிட்டதால் எனக்கு இதுதான் கடைசித் தடவை. சனிக்கிழமைகளில் முரசுமோட்டையில் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்கு வகுப்புக்குப் போவேன். மற்ற நாட்களில், நெல்லைக் காயப்போட்டுவிட்டு மாடு வராமல் காவல் இருக்கும் நேரத்தில்தான் படிப்பு. புத்தகமோ தலையணைபோலத் தடிப்பு. எழுதின மனுசன் ஒரு வசனத்தைத் தொடங்கினால் லேசில் முடிக்கமாட்டார். அவர் முற்றுப்புள்ளி வைப்பதற்குள் மாடு வயிறாறத் தின்றுவிடும். திட்டித் திட்டித்தான் படித்தேன், ஆனால் ஒரு பக்கத்தையும் விடவில்லை.

சேர் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர், என்னைவிட வயதில் நல்லாக் குறைந்தவர். நான் அவரைச் சேர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். ஒருநாள் வகுப்பில் கேட்டார்:

"ஒராளுக்குப் பதிலா இன்னொராள் போறது நம்பக்கூடிய மாதிரி இருக்கோ?"

இரண்டு பேருக்கும் ஒரே முகச்சாயல், அதனால்தான் நம்ப முடிகிறது என்ற பதிலை எதிர்பார்த்து நின்றார். ஜெயபுரத்திலிருந்து வருகிற பெண் ஒருத்தி, எப்போதும் பின்கதிரையில் இருப்பவள், வாய் திறந்தாள்.

"முகம் ஒத்திருக்க வேணுமோ சேர்? ஆள் எண்ணிக்கை சரியா இருந்தால் காணும்தானே. முகத்தை ஆர் பாத்தது?"

நாங்கள் எல்லோரும் ஓம் என்று தலையாட்டினோம். சேருக்கு விளங்கவில்லை. யுத்தத்தின் கடைசிக் காலத்தில் அவர் சின்னப் பிள்ளை, வன்னியில் இருந்தவரும் அல்ல. வீட்டுக்கு ஒரு ஆள் இயக்கத்தில் சேர்ந்து சண்டைக்குப் போகவேண்டும் என்றிருந்த நாட்களை நாங்கள்தான் அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் நானும் அக்காவும். அவள் அம்மாவைப் போல நல்ல நிறம், நான் அப்பாவைப் போல. சகோதரிகள் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆள் எடுக்க வந்த இயக்கக்காரர் என்னைக் காட்டி, காலையில் வருகிறோம், ஆயத்தமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விடிய நான் எழும்பியபோது அக்காவின் பாய் வெறுமையாகக் கிடந்தது. எனக்குப் பதிலாக அவள் போய்விட்டாள். அவள் திரும்பி வரவேயில்லை.

பிறகொரு சனிக்கிழமை, தியாகமே அன்பின் உச்சம் என்று தொடங்கும் ஆயத்தவிடை ஒன்றைப் பாடமாக்கச் சொல்லி சேர் தந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சேர், வண்டியில கொண்டுபோனவன் மயக்கம் தெளிஞ்சு எழும்பி என்ன சொன்னவன்? அதை ஏன் எழுதேல்ல?"

"அக்கா, சோதினையில அதைக் கேக்கமாட்டினம். உப்பிடி எழுதினால் புள்ளி விழாது. உங்களுக்கு இது கடைசித் தடவையெல்லே?"

உண்மையான கவலையோடுதான் சொன்னார். தெரியும் சேர் என்றேன். வீட்டுக்கு வந்து அந்த விடையைப் பாடமாக்கவும் செய்தேன்.

சோதினையில் அந்த ஆயத்தவிடைக்கு உரிய கேள்வியேதான் வந்தது. ஆயத்தவிடை முழுதும் மனதில் இருந்தது, இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கலாம். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதில் ஒரு வரியையும் நான் எழுதவில்லை. சாகப்போகிறவனுக்கு அத்தனை அழகான கடைசி நினைவுகளைக் கொடுத்த எழுத்தாளர், உயிரோடு மிஞ்சியவனுக்கு ஒழுங்காக ஒரு வசனம்கூடக் கொடுக்கவில்லை, அது அநியாயம் என்று எழுதினேன். கேட்டிருந்தால் அவன் சம்மதித்திருக்கமாட்டான், அதனால்தான் அவனை மயக்கினார்கள் என்று எழுதினேன். தெளிந்ததும் அவன் கேட்டிருக்கக்கூடிய ஒரே கேள்வியையும் எழுதினேன்: என்னை ஏன் எழுப்பவில்லை? அக்காவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. புள்ளி போடுகிறவர் விரும்பியதைப் போடட்டும் என்று தாளைக் கட்டிக் கொடுத்தேன்.

முடிவு வந்தபோது நான் சித்தியடைந்திருந்தேன். பெரிய புள்ளி இல்லை, ஆனால் நியமனத்துக்குக் காணும். சேர் போனில் என்னைவிடச் சந்தோசமாகச் சத்தம் போட்டார்.

அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. சொன்னதும் சிரித்தா, கண்ணைத் துடைத்தா. பிறகு, அப்படி என்னதான் எழுதினாய் என்று கேட்டா. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வண்டியில் கிடந்தவனின் கதையைச் சொல்லி, அவன் கேட்ட கேள்வியையும் தமிழில் சொன்னேன். அம்மா தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தா. அக்காவைப் பற்றி நாங்கள் இருவரும் கதைப்பதேயில்லை.

"அவள் வெளிக்கிடேக்க நான் உன்னை எழுப்பத்தான் வந்தனான் பிள்ளை," என்றா அம்மா. "அவள்தான் என்ர வாயைப் பொத்தினவள்."